கொடிக்குப் பின்னால் ஒரு வலை

என் தம்பி வாயைத் திறந்தால் நாட்டுப்பற்று, மூடினால் கோபம். படகுக்காரர் சங்கத்துக்கு அவன்தான் தலைவர். நான் அதே ஆற்றுக்குக் கரைக்காவல். மீன் முட்டையிடும் பருவத்தில் யாரும் வலை வீசாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அக்காளும் தம்பியும் இப்படி எதிரும் புதிருமாக இருந்தால் வீட்டில் சோறு தொண்டையில் இறங்குமா?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. இரண்டு அரசாங்கங்களுக்கும் பேச்சு நின்று வெகுகாலம். கரைகளுக்கு நடுவே ஒரு வழக்கம் மட்டும் பிழைத்திருந்தது. பருவம் தொடங்கும் காலையில் எங்கள் படகுத்துறைக் கம்பத்தில் ஒரு வலையை ஏற்றுவோம். 'நாங்கள் நிறுத்திவிட்டோம்' என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்த்து அவர்களும் ஏற்றுவார்கள். இறக்கினால் தடை முடிந்தது என்று அர்த்தம்.

இந்த வருடம் எல்லைத் தகராறு செய்திகளில் சூடாக ஓடியது. தம்பிக்கு ஆவேசம் வந்துவிட்டது. வீட்டுச் சுவர் அகலத்துக்கு ஒரு தேசியக் கொடி தைத்துக்கொண்டு வந்து, அதே கம்பத்தில், வலைக்கு முன்னால் கட்டினான்.

"டேய், வலை மறையுதுடா. அக்கரையில இருந்து பாத்தா கொடி மட்டுந்தான் தெரியும்."

"தெரியட்டும்க்கா. நல்லாத் தெரியட்டும்."

"கொஞ்சம் தள்ளிக் கட்டேன். கொடியே வேண்டாம்னா சொன்னேன்?"

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! 'கொடியை எடுக்கச் சொல்றா' என்று மதியத்துக்குள் ஊரெல்லாம் பேச்சு. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது.

அக்கரைக்காரர்கள் காத்திருந்து பார்த்தார்கள். நாங்கள் வலை ஏற்றவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுநாள் படகுகளை இறக்கினார்கள். தம்பி துறையில் நின்று தொண்டை கிழியக் கத்தினான். "பாத்தீங்களா துரோகிப் பசங்கள! நம்ம மீனை அள்ளுறானுங்க!" எங்கள் படகுகளும் பாய்ந்தன. தடுக்கப் போன என்னை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டேன். "இந்த நேரத்துல கொடியில கை வைக்கச் சொல்றீங்களா? என் வேலைக்கு உலை வைக்காதீங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் தம்பி ஒரு பெரிய மீனை என் வாசலில் வைத்துவிட்டுப் போனான். எவ்வளவு கோபமிருந்தாலும் அக்காவின் பங்கை அவன் மறக்கமாட்டான். அறுத்தேன். வயிறு முழுக்க முட்டை. பாத்திரம் நிறைந்து தரையில் வழிந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரிடம் போய்ச் சொல்லி அழ?

விடிந்ததும் வீட்டிலிருந்த பழைய வலையை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உயர்த்திக் கட்டினேன். என் வீடு மேட்டில் இருப்பதால் அக்கரைக்கு நன்றாகத் தெரியும். மதியத்துக்குள் அவர்களுடைய படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்கின. அவர்கள் கம்பத்தில் வலை ஏறியது. நான் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

தம்பி இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! உன் மூளையே மூளைக்கா! நல்லா ஏமாந்துட்டானுங்க. ஆறு மொத்தமும் இப்ப நமக்குத்தான். வலையை மட்டும் இறக்கிடாத, என்ன?"

கீழே துறையில் எங்கள் படகுகள் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தன. படகுக்காரர்கள் என்னை அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள். அடடா, திடீரென்று எனக்கு எவ்வளவு சொந்தபந்தம்!

"படகைக் கட்டச் சொல்லுடா."

"உனக்கென்ன கிறுக்கா?"

நான் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன். "அக்கா, வேணாம்க்கா" என்று கையைப் பிடித்தான். உதறினேன்.

"மீனைத்தான் தின்னுட்டீங்க. என் வாக்கையும் சேத்துத் தின்னாதீங்கடா."

வலை என் காலடியில் விழுந்தது. தம்பி திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான். கீழே கைதட்டல் நின்றது.

அக்கரையில் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர்களுடைய வலையும் இறங்கியது. நடுவில் ஒருமுறை நின்று, மனசில்லாமல் இறங்கியது. இந்த உலகத்தில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவர்தான் என்று எனக்குத் தோன்றியது. அவருடைய முகம்கூட எனக்குத் தெரியாது.