தாய்மாமனுக்கு வந்த பத்திரிகை

ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் பாளம் உடைத்துக்கொண்டிருந்த சூசைராஜின் வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து விழுந்தது. அனுப்பியது மணமேல்குடியில் வாக்கப்பட்ட தங்கச்சி அருள்ராணியின் நம்பர். அப்பன் வீட்டுச் சுவர்த் தகராறில் ரெண்டு பேரும் பேச்சை முறித்து ரெண்டு வருசமாகிறது.

"பாத்தியாடா நாகராசு! அவ மக ஏஞ்சலுக்குக் கல்யாணமாம். தாய்மாமனுக்குத் தட்டு வச்சு அழைக்காம போன்ல தூக்கிப் போட்டிருக்கா!"

கூட வேலை பார்க்கும் நாகராசு பாளத்தைத் தள்ளிவிட்டுச் சிரித்தான். "மொதல்ல ஒம்பேரு போட்டிருக்கான்னு பாருண்ணே. அப்பறம் மொறைக்கலாம்."

சூசைராஜுக்கும் அதுதான் பயம். பத்திரிகையில் தாய்மாமன் பேர் இல்லையென்றால் சாதிசனத்தின் முன்னால் தலைகாட்ட முடியாது. ஈரக்கையைக் கைலியில் துடைத்துவிட்டுத் தொட்டான். மெசேஜைப் படிக்கலாமா, நம்பர்களைப் பார்க்கலாமா என்று போன் என்னென்னவோ கேட்டது. கேட்டதுக்கெல்லாம் சரி, சரி என்று அமுக்கினான். கடைசியில் வெறும் வெள்ளைத் திரைதான் வந்தது.

"எம்பேர எடுத்துட்டாடா!"

டிவிஎஸ் வண்டியை மிதித்துக் கிளம்பினான். வழியெல்லாம் போன் அலறியது. "என்னப்பா, நீ அனுப்புன பத்திரிகை தொறக்கவே மாட்டேங்குது?" என்றார் படகு ஓனர் செந்தமிழன். அடுத்து பங்குச் சாமியார். தான் எப்போது அனுப்பினோம் என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. தங்கச்சிக்கு வசவு சேர்த்துக்கொண்டே போனான்.

அவள் வீட்டு வாசலில் வண்டி நிற்கும் முன்பே கத்தினான். "அருளு! நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அருள்ராணி வெளியே வந்தாள். "ரெண்டு வருசங்கழிச்சு வந்து கேக்குற கேள்வியப் பாரு. என்னண்ணே?"

"மகளுக்குக் கல்யாணம் வச்சுட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்கிற!"

பின்னாலேயே வந்த ஏஞ்சல் அவன் போனைப் பிடுங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, நான் இப்பத்தான் காலேஜ் ரெண்டாம் வருசம். இது பத்திரிகை இல்ல, திருட்டு ஆப். காலைல அம்மாவும் இப்படித்தான் ஒண்ணத் தொறந்துச்சு. பேங்க்லேருந்து வர்ற ஓடிபியப் படிச்சுக் காசெடுத்துரும். சேவ் பண்ணியிருக்க நம்பருக்கெல்லாம் தன்னால பரவும்."

சொல்லிக்கொண்டே நெட்டை அணைத்து அந்த ஆப்பை அழித்தாள். தன் போனிலிருந்து பேங்குக்குக் கூப்பிட்டு மாமன் கணக்கை நிறுத்தச் சொன்னாள்.

சூசைராஜ் தங்கச்சியைப் பார்த்தான். "அப்ப எந்நம்பர இன்னும் வச்சிருந்தியா?"

"நீ மட்டும் அழிச்சிட்டியாக்கும்? பேரப் பாத்துட்டுத்தான கொதிச்சுப்போயி வந்துருக்க?"

சேர்த்து வைத்த வசவில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. "சாப்புட என்ன இருக்கு?" என்றான்.

"திருக்கைக் கொழம்பு. கையக் கழுவு."

"எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போடணும் மாமா. என்னன்னு போட?" என்றாள் ஏஞ்சல்.

"அதத் தொறக்காதீங்கன்னு போடு. நெசக் கல்யாணம்னா தாய்மாமன் நானே நேருல வந்து சொல்லுவேன்னு போடு. மாப்பிள்ளையும் நாந்தான் பாப்பேன்னு சேத்துப் போடு."

"ஐயோ மாமா, அதுக்கு அந்த ஆப்பே தேவல."