கம்பிக்கு அடியில் தீக்குச்சி

கிட்டாரில் எஃப் கார்டு என்ற அந்தச் சுரக்கூட்டைக் கண்டுபிடித்தவன் மட்டும் எபநேசர் கையில் சிக்கியிருந்தால், அவனை உட்கார வைத்துச் செம்புக் கம்பியாலேயே சுற்றியிருப்பார். கம்பி சுற்றுவதுதான் அவர் தொழில். கோவில்பட்டியில் பழுதான மோட்டாரெல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். அந்தக் கைக்கு ஆறே ஆறு கம்பி அடங்க மாட்டேன் என்றது.

சி வந்துவிட்டது, ஜி வந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன எஃப்புக்கு மட்டும் ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கப்போட்டு அமுக்க வேண்டுமாம். அமுக்கினால் விரலில் வரிவரியாகத் தடம் விழுந்ததே தவிர, சத்தம் வந்ததா? சாக்கு மூட்டையைக் கீழே போட்டது மாதிரி ‘தொப்’பென்று ஒன்று கேட்கும். அவ்வளவுதான்.

நாற்பத்தைந்து வயதில் இந்த மனுஷனுக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஊரே கேட்டது. எல்லாம் அவர் மனைவி ஜெயஷீலாவுக்காகத்தான்.

சபையில் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை என்றால் ஜெயஷீலாவின் தாலாட்டுப் பாட்டு இல்லாமல் முடியாது. பாலகன் இயேசுவுக்கு அவள் பாடினால் கைப்பிள்ளைகள் நிஜமாகவே தூங்கிப்போகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்தப் பாட்டின் உச்சத்துக்குப் போகும்போது அவள் குரல் பிசிறிவிட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். நல்லா இருப்பார்களா அவர்கள்! அன்றோடு ஜெயஷீலா வாயை மூடியவள்தான். கோயிலில் மட்டுமல்ல, வீட்டிலும் பாட்டு நின்றுபோனது. முன்பெல்லாம் அவள் சோறு வடிப்பது, துணி காயப்போடுவது எல்லாம் பாட்டோடுதான் நடக்கும். இப்போது வீடு கரண்ட் போன வீடு மாதிரி கிடந்தது. எபநேசருக்கு அதைத் தாங்க முடியவில்லை.

அவள் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்த ஆசாரியப்பன் அண்ணாச்சியும் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அதைச் சாக்காக வைத்து, கோடை காலத்தில் ஒருநாள் எபநேசர் கேட்டார்: “ஏட்டி ஷீலா, நான் கிட்டார் படிச்சு வாசிச்சா நீ பாடுவியா?”

இவராவது படிப்பதாவது என்று நினைத்தாளோ என்னவோ, “வாசிங்க, பாடுதேன்” என்றாள்.

அந்த வாரமே மதுரைக்குப் பஸ் ஏறிப் பழைய கிட்டார் ஒன்றும், பஸ் ஸ்டாண்டில் கிட்டார் படிக்க ஒரு புத்தகமும் வாங்கி வந்துவிட்டார். பாஸ்டர் ஐயாவிடமும் சொல்லியாகிவிட்டது. ஐயா கேரல் நிகழ்ச்சி நிரலில் பேரையும் போட்டுவிட்டார்.

கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அறிவுரை சொன்னார்கள். கிட்டாரைக் கண்ணால் பார்க்காதவர்கள்தான் அதிகமாகச் சொன்னார்கள். “விரலை உப்புத் தண்ணில முக்குங்க அண்ணாச்சி, தோலு காய்ச்சுப் போகும்” என்றான் டீக்கடை இசக்கிதுரை. மருந்துக்கடைக்காரர் வேப்பெண்ணெய் என்றார். அமுக்கி அமுக்கிப் பிடித்தால்தான் வரும் என்று ஒருவர். அமுக்கவே கூடாது, தடவ வேண்டும் என்று இன்னொருவர். எபநேசர் யாரையும் விடவில்லை. உப்புத் தண்ணீரில் முக்கினார், எரிந்தது. வேப்பெண்ணெய் தடவினார், கம்பி வழுக்கியது.

இத்தனைக்கும் கோடையில் இவ்வளவு மோசமில்லை. ஐப்பசி மழை பிடித்து, கரிசல் காடெல்லாம் சேறாகி, செருப்பில் ஒரு படி மண் ஒட்டிக்கொண்டு வரும் நாளாகப் பார்த்து நிலைமை கெட்டது. வந்த சியும் ஜியும்கூட முரண்டு பிடித்தன. விரல் நுனி கன்றிச் சிவந்தது. படிக்கப் படிக்க வர வேண்டும். தனக்கு மட்டும் படிக்கப் படிக்கப் போகிறதே என்று எபநேசர் நொந்துபோனார். தாலந்து இல்லாதவன் ஆசைப்பட்டால் இப்படித்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை உபவாசம்கூட இருந்து பார்த்தார். பசித்ததே தவிர எஃப் வரவில்லை.

கேரலுக்கு முந்தின நாள் மத்தியானம், வரவில்லை என்பதை இனி மறைத்துப் பிரயோஜனமில்லை என்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே போய்விட்டார். ஜெயஷீலா கிறிஸ்துமஸுக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள்.

“ஷீலா, எனக்கு வரலட்டி” என்றார். “எவ்வளவோ பாத்துட்டேன். இந்த விரலுக்கு ஏலாது. ஐயாகிட்ட வேண்டாம்னு சொல்லிருதேன். உன்னையும் வீணா ஆசை காட்டிட்டேன்.”

ஜெயஷீலா அடுப்பை அணைத்தாள். அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகள் தீய்ந்த தோசை மாதிரி இருந்தன.

“அட கர்த்தரே! இது என்ன கோலம்? கொண்டாங்க அதை” என்று கிட்டாரை வாங்கி மடியில் போட்டாள். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுகிறவள் குனிந்து பார்ப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ஒரு கம்பியை அமுக்கிப் பார்த்து, “யம்மா!” என்று கையை உதறினாள். “கம்பி இம்புட்டு உயரத்துல நிக்கே, கொடியில துணி காயப்போடவா? சரி, இந்த வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுக்கு அடியில நீட்டிக்கிட்டு இருக்கே, இது என்னது? தீக்குச்சியா?”

எபநேசர் குனிந்து பார்த்தார். கம்பிகளைத் தாங்கிக்கொண்டு கீழ்ப்பக்கம் இருக்கும் வெள்ளைத் துண்டுக்கு அடியிலிருந்து, மருந்து வைக்காத வெறும் தீக்குச்சி ஒன்றின் முனை எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று.

படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வேறு யார் வைத்தது? அவரேதான் வைத்தார்! சித்திரை வெயிலில் மரம் காய்ந்து, கம்பி கீழே உரசிக் ‘கர்ர்ர்’ என்று இரைந்தது. பக்கத்துக் கடைத் தச்சர் ஆறுமுகசாமி, “இதுக்கென்ன அண்ணாச்சி, ரெண்டு குச்சியக் குடுத்துத் தூக்கிவிடுவோம்” என்றார். மேஜை ஆடினால் குச்சி, கதவு இழுத்தால் குச்சி, தராசு சாய்ந்தால் குச்சி. தீப்பெட்டி செய்யும் ஊரில் எதற்கும் வைத்தியம் அதுதான். இரைச்சல் நின்றது, இவரும் மறந்துபோனார். மழைக்கு மரம் ஊதிக்கொண்டபோது குச்சியும் சேர்ந்து கம்பியை வானத்துக்குத் தூக்கிவிட்டது. அதைத்தான் இத்தனை நாளும் விரலின் பாவம் என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

கம்பியைத் தளர்த்திக் குச்சிகளை உருவிப்போட்டு, மறுபடி முறுக்கிச் சுருதி சேர்த்தார். சி பிடித்தார். விரல் வெண்ணெயில் இறங்கினது போல இறங்கியது. ஜி பிடித்தார். கணீரென்றது. அப்பாடா! நெஞ்சின் மேலிருந்து ஒரு அம்மிக்கல்லை யாரோ எடுத்து வைத்த மாதிரி இருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் ஜெயஷீலாவும் சிரித்துவிட்டாள்.

அப்புறம் எஃப் பிடித்தார். முன்பு போல ‘தொப்’ இல்லை. ஆனாலும் பாதிக் கம்பிதான் பேசியது.

“இதையும் நாளைக்குள்ள வழிக்குக் கொண்டுவந்திருவேன்” என்றார் வீம்பாக.

ஜெயஷீலா சிரிப்பை நிறுத்தினாள். முறுக்கு மாவை விரலால் நிமிண்டினாள். “ஏங்க, கோவிச்சுக்கிடாதீங்க. பாட்டைக் கொஞ்சம் கீழ இறக்க முடியுமா?”

“எதுக்கு? அது உன் சுருதி இல்லையா? அதை மாத்தக் கூடாதுன்னுதானே இந்த எஃப்போட மல்லுக்கட்டுதேன்.”

“என் சுருதின்னு யார் சொன்னா? அது ஆசாரியப்பன் அண்ணாச்சி ஆர்மோனியத்துச் சுருதி. எனக்கு எட்டல, எட்டலன்னு வருஷா வருஷம் எக்கி எக்கிப் பாடினேன். அன்னைக்குப் பிசிறிட்டு. நாளைக்கும் அந்த இடம் வருமேன்னு எனக்குப் பயமா இருக்கு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “உண்மையச் சொல்லட்டா? உங்களுக்கு இது வந்துரக் கூடாதுன்னு தினமும் ஜெபம் பண்ணினேன்.”

எபநேசர் வாயைப் பிளந்தார். “அடிப்பாவி! நான் வரணும்னு உபவாசம் இருந்தேனே!”

“ஆண்டவர் எந்தப் பக்கம்தான் சாய்வாரு, பாவம்” என்றாள் அவள்.

பஸ் ஸ்டாண்டுப் புத்தகத்தில் எல்லாம் இருக்கத்தான் செய்தது. சி, எஃப், ஜி கஷ்டமானால் சுருதியை இறக்கி ஏ, டி, இ வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்ததை அவர் படித்துமிருந்தார். மனைவியின் சுருதியில் கை வைப்பதாவது என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டார். இப்போது எடுத்து வைத்துப் பிடித்துப் பார்த்தால் மூன்றும் லட்டு மாதிரி. ஒரு விரலையும் படுக்கப்போட வேண்டாம்.

“பாடு பாப்போம்” என்றார்.

ஜெயஷீலா கதவைச் சாத்திவிட்டு வந்து, மெல்ல எடுத்தாள். உச்சம் வரும் இடத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குரல் ஏறி, நின்று, இறங்கி வந்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது தண்ணீர் நிறைந்திருந்தது. “போயிட்டு வந்துட்டேன்!” என்றாள், ஏதோ பக்கத்து ஊரான கயத்தாறுக்குப் போய்விட்டு வந்தவள் போல.

மறுநாள் கேரலில் எபநேசர் இரண்டு இடத்தில் தடுமாறினார். ஒரு இடத்தில் வாசிக்கவே மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நிற்கவில்லை. போன தடவை பிசிறிய இடத்தை நேராகக் கடந்து போனாள். முன்வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. கைப்பிள்ளை ஒன்று தூங்கிவிட்டது.

பாட்டுக் கேட்கவென்றே வந்திருந்த தச்சர் ஆறுமுகசாமி வாசலில் கையைப் பிடித்துக்கொண்டார். “பிரமாதம் அண்ணாச்சி! குச்சி நல்லா நிக்கா?”

“நின்னுச்சய்யா, நின்னுச்சு” என்றார் எபநேசர்.

அதற்கடுத்த நாள் காலையில் அவர் முற்றத்தில் கண்ணாடியை மாட்டி முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் தாளிக்கிற சத்தத்தோடு பாட்டும் கேட்டது. எபநேசர் பிளேடை எடுத்த கையோடு அப்படியே நின்றார். ஏதோ ஒரு அடியில் அவள் மேலே ஏறப் போய்க் குரல் பிசிறியது. பாட்டு நின்றது. எபநேசருக்கு மூச்சும் நின்றது.

உள்ளேயிருந்து சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. பிறகு ஜெயஷீலா அதே அடியைக் கொஞ்சம் கீழே இறக்கி எடுத்துப் பாட ஆரம்பித்தாள்.