கூட்டம் சேர்ந்த நாள்

ஊரில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது அரசாங்கத்துக்கு எப்படித்தான் தெரிந்ததோ, கிராம வளர்ச்சி நிதியில் ஒரு கூடம் கட்டிக் கொடுத்தது. வாசலில் பலகை, உள்ளே கேரம் போர்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறி. திறந்து வைத்துப் பார்த்துக்கொள்ள, ஓய்வுபெற்ற டீச்சரை நியமித்தார்கள். ஆள் மட்டும்தான் வந்து சேரவில்லை.

வந்தவர் ஒரே ஒருவர், பழைய பஸ் டிரைவர். மனைவி போன பிறகு அவர் வீடு வெறிச்சென்று கிடந்தது. கணவர் போன பிறகு டீச்சர் வீடும் அப்படித்தான். சாயங்காலம் டிரைவர் வருவார், டீச்சருக்கு எதிரே உட்காருவார், பேப்பரில் உள்ள ஒவ்வொரு செய்தியையும் திட்டித் தீர்ப்பார். டீச்சர் விடாமல் மறுத்துப் பேசுவார். கேரம் ஆடினால் டிரைவர் கொஞ்சமும் கூசாமல் ஏமாற்றுவார். அந்தச் சாயங்காலத்துக்காக டீச்சர் காலையிலேயே புடவையை எடுத்து வைத்துவிடுவார். வெளியே சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் உண்மை அதுதான். இரண்டு பேர் பெயர் கெடாமல் உட்கார்ந்து பேச ஊரில் வேறு இடம் ஏது? அரசாங்கப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தால் ஊர் வாய் மூடிக்கொள்கிறது.

அடுத்த வருஷமும் நிதி கொடுக்கலாமா என்று பார்க்க அதிகாரியம்மா வரப்போகிறார் என்று தகவல் வந்தது. டீச்சர் டிரைவரிடம் புலம்பினார்.

"ஒரே ஒரு ஆளு வர்ற இடத்துக்கு யாருண்ணே பணம் குடுப்பாங்க?"

"அதை என்கிட்ட விடுங்க டீச்சர்," என்றார் டிரைவர்.

வீடு வீடாகப் போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். அதிகாரியம்மா வந்த அன்றைக்குக் கூடம் பிதுங்கி வழிந்தது. வரப்புத் தகராறில் ஜென்மப் பகையாகிவிட்ட பங்காளிகள்கூட ஒரே போர்டில் கேரம் ஆடினார்கள். தையல்காரி பாட்டே பாடினாள். நடிப்பு என்று தெரிந்தும் டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதிகாரியம்மா சொக்கிப் போனார். "நாங்க இல்லேன்னாலும் இப்படியே கூடுவீங்களா?"

"சத்தியமா கூடுவோம் மேடம்!" முதலில் கத்தியவர் டிரைவர்தான். எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சரும் தட்டினார்.

அதிகாரியம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாதிச்சுட்டீங்கம்மா! ஒண்ணுசேராத ஊருக்குத்தான் இந்த நிதி. இனி உங்களுக்கு எதுக்கு? பக்கத்து ஊருக்கு மாத்திடறோம். பாவம், அங்க ஒருத்தர் ரெண்டு பேர்தான் வர்றாங்களாம். இந்தக் கட்டடத்தை உரக் கிடங்குக்குக் கேட்டிருக்காங்க. நீங்கதான் எங்க வேணா கூடிக்குவீங்களே!"

ஜீப் போனதும் கூட்டம் கலைந்தது. வந்த கடன் தீர்ந்தது என்று ஆளாளுக்கு நடையைக் கட்டினார்கள். நாற்காலிகளை அடுக்க மிஞ்சியவர்கள் இரண்டு பேர்தான்.

"நானே வாயைக் குடுத்துக் கெடுத்துட்டேன்," என்றார் டிரைவர். "அப்போ நாளையிலேருந்து?"

வீட்டுக்கு வாங்க என்று டீச்சருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாசலில் தையல்காரி, செருப்பைத் தேடுகிற சாக்கில், இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பஸ் ஸ்டாண்டு கடையில பேப்பர் போடறாங்கண்ணே," என்றார் டீச்சர். "அங்க போய்ப் படிங்க."