இரண்டு கையும் காவடியில்

பங்குனி உத்திரம் என்றால் என் வீட்டுக்காரர் சேனாதிபதி காவடி எடுக்காமல் இருந்ததில்லை. பழனி அடிவாரத்தில் எங்களுக்குப் பஞ்சாமிர்தக் கடை. அறுபத்து மூன்று வயதில் அவருக்கு மூத்திரப் பைக்குக் கீழே புற்று என்று மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நிறுத்தினால் புற்று திரும்ப வளரும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னிடமே சொன்னார். உடம்பு போடும், அரிசியையும் இனிப்பையும் குறையுங்கள், நன்றாக நடக்கச் சொல்லுங்கள் என்றார்.

உடம்பு போட்டது. வயிறு மட்டுமா? மாரும் பொம்பளைக்குப் போல வீங்கியது.

"காவடின்னா வெத்து உடம்போட நிக்கணுமே, கந்தம்மா. எப்பிடிச் சட்டையைக் கழட்டுவேன்?" என்று அழுதார் மனுஷன்.

உத்திரத்துக்குள் கரைத்துக் காட்டுகிறேன் என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். காலையில் கம்மங்கூழ், மத்தியானம் கீரையும் ஒரு கரண்டிச் சோறும். கடையில் மலைவாழைப்பழத்தைத் தொட்டால்கூட, "கைய எடுங்க!" என்று கத்தினேன். வெள்ளனே எழுப்பி, மலையைச் சுற்றிக் கிரிவீதியில் நடக்கவிட்டேன். வயிறு வற்றியது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மார் மட்டும் அப்படியே இருந்தது.

உத்திரத்துக்கு முந்தின வாரம் மாத்திரை பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். குறையவே இல்லை.

"என்னங்க இது?"

"மாரு வீங்குனது மாத்திரையாலதானாம், நடந்தா கரையாதாம். நம்ம தெரு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொன்னாரு. அதான் போன மாசமே நிறுத்திட்டேன்."

"அட பாவி மனுஷா! சாகவா பாக்குறீங்க?"

"காவடி எடுத்துட்டு அப்புறம் முழுங்குறேன்."

"உங்க மானம் பெருசு, என் தாலி சின்னதா?"

மாத்திரையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடுப்பு வலிக்கிறது என்று வேறு முனக ஆரம்பித்தார்.

உத்திரத்தன்று துண்டால் மார்பைப் போர்த்தி, நுனியை இடுப்பில் செருகிவிட்டேன். காவடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நின்று நின்று படியேறினார். பாதி மலையில் துண்டு நழுவி விழுந்துவிட்டது. கூட ஏறிவந்த எதிர்க்கடை மயில்சாமி வாயைப் பிளந்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டை எடுத்து மூட ஓடினேன்.

"விடு கந்தம்மா," என்றார். கண்ணீரும் வேர்வையும் தாடையில் வழிந்தன. "எல்லாரும்தான் பாத்தாச்சே. இனிமே என்னத்த மறைக்க? மாத்திரை வச்சிருக்கியா?"

முந்தானையில் முடிந்துதான் வைத்திருந்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது; பல்லால் கடித்து இழுத்தேன்.

"வெரசாக் குடு. எனக்குக் கை ஏது? நீயே வாயில போடு."

அத்தனை சனத்துக்கு நடுவே போட்டேன். ஒரு மாதம் விட்டதற்கு உள்ளே என்ன வளர்ந்து கிடக்கிறதோ, முருகா! கொண்டுவந்திருந்த செம்புத் தண்ணீரை மெல்ல அவர் வாயில் ஊற்றினேன்.