பாலில் புல் வாசம்

பதினான்கு மணி நேரமாக அண்ணன் வெறும் வயிற்றோடு இருந்தான். ரத்தப் பரிசோதனைக்குப் பன்னிரண்டு போதும் என்றுதான் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தங்கை சொல்லியிருந்தாள். மிச்ச இரண்டும் நல்ல பிள்ளை என்று பெயரெடுக்க அவனாகச் சேர்த்துக்கொண்டவை. அவள் ஊசியைக் குத்தும்போது எப்போதும்போலச் சுவரைப் பார்த்தான்.

"ராத்திரி பாலைக்கூட தொடல. ஒருவிதத்துல நல்லதாப் போச்சு. உங்க அண்ணி குடுக்குற பால்ல மூணு மாசமா ஒரே பச்சைப் புல் வாசம். மாடு நேரா டம்ளருக்குள்ளயே வந்து மேயுது போல."

அவள் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்த சோதனைக் குழாயில் எண் சீட்டை ஒட்டி, அவன் முழங்கையை மடக்கிவிட்டாள்.

வெளியே நாற்காலியில் அண்ணி இருந்தாள். காலடியில் பயணப்பை. அண்ணன் குடியை விட்டு நான்கு வருடமாகிறது. அதற்குப் பதிலாகச் சர்க்கரையும் ஈரலில் கொழுப்பும் வந்து சேர்ந்தன. இரண்டு மாதத்துக்கு முன் குடித்தால் ஏறும் ஈரல் நொதி இயல்பைவிட இரு மடங்காக ஏறியபோது, திரும்பவும் ஆரம்பித்துவிட்டான் என்று அண்ணி முடிவு கட்டினாள். இந்த முறையும் ஏறியிருந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். சொன்னால் செய்பவள்.

"சத்தியமா தொடல," என்றான் அண்ணன், பஞ்சை அழுத்தியபடி அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்து.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா?"

அவன் பஞ்சைத் திருப்பி வைத்து அழுத்தினான்.

உள்ளே இயந்திரம் ஈரல் நொதி நூற்றெண்பத்திரண்டு என்றது. போன தடவை தொண்ணூறு. தங்கை மறுபடி ஓட்டினாள், அதே எண். ஆனால் குடிப்பவர்களின் ரத்தத்தில் கூடவே ஏறும் மற்றவை ஏறவில்லை. சர்க்கரை கொஞ்சம் இறங்கிக்கூட இருந்தது. அவள் அண்ணனை நம்ப விரும்பினாள். அந்த விருப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எண்களை இன்னொரு தடவை படித்தாள்.

மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்ட டாக்டருக்கும் அந்த எண்கள் அப்படித்தான் பட்டன.

"இது குடி மாதிரி தெரியல. வேற எதாவது எடுக்குறீங்களா? மூலிகை, பொடி, எண்ணெய்?"

"சோறும் மாத்திரையும்தான் சார்."

"இப்ப கஞ்சாச் செடியிலேர்ந்து ஒரு எண்ணெய் எடுத்து விக்கிறாங்க. போதை இருக்காது. சர்க்கரைக்கு நல்லது, குடியை மறக்கடிக்கும்னு வாங்குறாங்க. எலிக்கு ஈரல் கொழுப்பு குறைஞ்சதா ஆராய்ச்சியும் இருக்கு. ஆனா அளவு கூடுனா சில மனுஷங்களுக்கு அந்த ஈரலே புண்ணாகுது. அதான் கேக்குறேன்."

"எனக்கு அந்தப் பேரே இப்பதான் தெரியும்," என்றான் அண்ணன். பொய் சொல்லும்போது அவனுக்குக் காது சிவக்கும். சிவக்கவில்லை.

அண்ணி டாக்டரையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. பையின் ஜிப்பை விரலளவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். தங்கைக்கு அப்போதுதான் டம்ளருக்குள் மேய்ந்த அந்த மாடு நினைவுக்கு வந்தது.

"அண்ணி," என்றாள். அவளுக்கே கேட்காத குரல். கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள். "ராத்திரி பால்ல என்ன கலக்குறீங்க?"

ஜிப் நின்றது. மேசையில் மின்விசிறிக் காற்றுக்கு ஒரு தாள் எழுந்து படிந்தது. டாக்டர் அதன்மேல் பேனாவை வைத்தார்.

அண்ணி பையை முழுதாகத் திறந்தாள். மகளின் பாவாடைகளுக்கு அடியில் கைவிட்டு, குழந்தையின் காலுறை ஒன்றை எடுத்தாள். அதை உருவியதும் உள்ளே பழுப்பு நிறச் சின்ன பாட்டில். மேசைமேல் வைத்தபோது அடியில் விரற்கடை உயரத்துக்குத்தான் எண்ணெய் இருந்தது.

"முதல்ல ஒரு மூடிதான் ஊத்துனேன்," என்றாள், பாட்டிலைப் பார்த்தே. "திரும்பக் குடி நினைப்பு வந்துடக் கூடாதுன்னு. போன தடவை நம்பர் ஏறுச்சு. குடிக்கிறாருன்னு நெனச்சேன்."

அண்ணனின் முழங்கையிலிருந்து பஞ்சு கழன்று தரையில் விழுந்தது.

"அதனாலதான் ரெண்டு மூடியாக்குனேன்."