நாலு கேள்வியும் ஒரு கையெழுத்தும்

இந்தக் காலத்தில் யாரும் சும்மா பேசுவதில்லை. கையில் ஒரு தாளோடுதான் வருகிறார்கள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்கிறார்கள். நான் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடிய நாளிலிருந்து, ஸ்கெலட்டனில் கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீடுகளுக்கு இப்படி எத்தனை பேர் வந்து போய்விட்டார்கள்! வீடு எங்கள் பேருக்கு இன்னும் வரவில்லை. அதனால் லைனில் எல்லோரும் கூடி ஒரு பேச்சு வைத்திருக்கிறோம். தாளோடு எவன் வந்து எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: இங்கேதான் பிறந்தோம், குறை ஒன்றும் இல்லை, எங்கேயும் போகமாட்டோம்.

என் மருமகள் அமலா பெங்களூரில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள். அவள் சர்ச்சுக்குப் போவாள், நானும் என் மகன் சுனிலும் மாரியம்மன் கோயிலுக்குப் போவோம். அதில் வீட்டில் சண்டை இல்லை. அவள் நடத்துகிற பாடம்தான் எனக்குப் பிடிபடவில்லை. உலகப் பார்வையாம். கணக்குப் படிக்கிற பிள்ளையானாலும் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளையானாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அதில் தேறினால்தான் பட்டம்.

"அதுல இன்னாதான் சொல்லித் தர்ற?"

"ஒவ்வொரு மனுசனும் உலகத்த எப்படிப் பாக்குறான்னு, மாமா."

"கண்ணாலதான் பாக்குறான். இதுக்கு பீசு வேற கட்றாங்களா?"

சிரித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். "மூணு வருசமா டெம்பரவரியா கீறேன். திங்கக்கிழம எங்க டீன் என் கிளாஸ்ல வந்து உக்காருவாரு. நல்லா நடந்தா பர்மனென்ட். இல்லன்னா இந்த வருசத்தோட சரி. வெளியாள் ஒருத்தர பிள்ளைங்க பேட்டி எடுக்கணும். நீங்க வாங்க மாமா."

"லைன்ல வேற ஆளே இல்லியா?"

"சரோஜம்மாவ கேட்டேன். முட்டி வலியாம்."

திங்கட்கிழமை காலை ரயிலில் நின்றுகொண்டே போனோம். வகுப்பில் அறுபது பிள்ளைகள். கடைசி பெஞ்சில் டீன் சாம்ராஜ், மடியில் ஒரு தாள். அதைப் பார்த்ததுமே எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழ் தெரிந்த பங்காருபேட்டைப் பெண் ஒருத்தி, பவ்யா என்று பேர், எழுந்து நின்றாள். நான் சொல்லச் சொல்ல மற்ற பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் சொல்வதும் அவள்தான். அவள் கையிலும் தாள்.

"தாத்தா, மனுஷன் எங்கிருந்து வந்தான்?"

எந்த மனுஷன் என்று அவள் சொல்லவில்லை. என்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"எங்கிருந்தும் வரல. அந்த வீட்லயே பொறந்தேன். எங்கப்பாவும் அங்கதான் பொறந்தாரு."

பொய்தான். அப்பா குடியாத்தத்திலிருந்து வந்தவர்.

"உலகத்துல என்ன தப்பாயிருக்கு?"

"ஒரு தப்பும் இல்ல. ஓடு ஒழுவிச்சு, போன வருசமே மாத்திட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அதை யாரு சரி பண்ணுவாங்க?"

"எவனும் வரவேணாம். நாங்களே பாத்துக்குவோம்."

"கடைசியில நாம எல்லாரும் எங்கே போவோம்?"

"எங்கியும் போவமாட்டோம்! போலீச கூட்டிக்கினு வந்தாலும் போவமாட்டோம்!"

வகுப்பே குலுங்கியது. டீன் மட்டும் சிரிக்கவில்லை. "அமலா, இவருக்குக் கேள்வி என்னன்னே தெரியலையே. சொல்லிக் கூட்டிட்டு வரலையா?" என்றார். பேனாவைத் திறந்து தாளில் ஏதோ எழுதினார்.

அமலாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் வேலையில் கைவைத்துவிட்டேன்.

அவள் என் பக்கத்தில் வந்தாள். "வீட்ட பத்தி யாரும் கேக்கல மாமா. ஷிப்டுக்குப் போவும்போது சுரங்கத்துல எறங்குற ஷாப்ட் வாசல்ல இன்னா பண்ணுவீங்க? அத சொல்லுங்க."

"மாதா படம் ஒண்ணு, மாரியம்மா படம் ஒண்ணு மாட்டியிருக்கும். ரெண்டையும் தொட்டுட்டுத்தான் கீழ எறக்குற கேஜ்ல ஏறுவோம். கூட வேல செஞ்ச என் ஜோடி டேவிட்டும் ரெண்டையும் தொடுவான்."

"ரெண்டுல எதை நம்புனீங்க?" என்றார் டீன்.

"கேஜ் கயித்த."

மறுபடியும் சிரிப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிங்க. ஒருநாள் லேட்டாப் போனேன், எதையும் தொடல. டேவிட் ரெண்டையும் தொட்டான். அன்னிக்குத்தான் கீழ பாறை வெடிச்சுது. தொட்டவன் செத்தான். தொடாதவன் உங்க எதிர்ல நிக்கிறேன். இதுக்கு இன்னா போட்டுகீது உங்க பாடத்துல?"

அமலா டீனைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்தாள். "இதுக்கு உங்க பதில எழுதுங்க. தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க. புஸ்தகத்துல இருந்து எழுதாதீங்க" என்றாள். அறுபது பிள்ளைகளும் குனிந்தார்கள். பவ்யா மட்டும் வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் டீன் எழுந்து வந்தார். "நல்ல வகுப்பு, அமலா. பிள்ளைங்க புஸ்தகத்த விட்டுட்டு சொந்தமா எழுதி இன்னிக்குத்தான் பாக்கறேன். பர்மனென்ட்டுக்கு எழுதி அனுப்பறேன். பேட்டி கொடுத்ததுக்கு ஐயா ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே நாலு வரி இங்கிலீஷ். கீழே ஒரு சாண் காலி.

"இவ்ளோ எடம் எதுக்கு உட்டுகீறீங்க?"

"மாமா..." என்றாள் அமலா.

அவள் குரலுக்காகப் பேனாவை வாங்கினேன். காலி இடத்தில் யாரும் எதுவும் சேர்க்க முடியாதபடி குறுக்கே ஒரு கோடு கிழித்தேன். கோட்டுக்கு மேலே முனியப்பன் என்று போட்டேன்.

"இன்னும் சந்தேகமா ஐயா?" டீன் சிரித்தார்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலியே."

அவர் அமலாவைப் பார்த்தார், அமலா கரும்பலகையைப் பார்த்தாள். வேலை கிடைக்கட்டும், சந்தோஷம். ஆனால் வாத்தியாருக்கே பதில் தெரியாத பாடத்தில் பிள்ளைகள் எப்படித் தேறுவார்கள்? எனக்கு விளங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தேன்.