ஆறு கம்பியில் ஐந்து சுரம்

எல்லைப் போராட்டத்துக்காக வேலைநிறுத்தம் தொடங்கிய நாள் முதல் ராஜையாவின் லாரி முதலாளியின் கொட்டகையில் கிடந்தது. குழித்துறைக்கும் நெய்யாற்றின்கரைச் சந்தைக்கும் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிப் போய்வந்துகொண்டிருந்த ஆள் அவன். சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஆட்டிக்கொண்டேதான் சாப்பிடுவான்.

தெற்குத் திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லிப் பாறசாலையில் நடந்த ஊர்வலத்தில், ராஜையா எவனோ ஒருவனின் தோளில் ஏறி உட்கார்ந்து தொண்டை கிழியக் கோஷம் போட்டான். மறுநாளே போலீஸ் அவன் ஊரான கொல்லயிலுக்குத் தேடி வந்தது. அடுத்த வீட்டில் சாயாக்கடை வைத்திருந்த பங்கஜாட்சி, அவன் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டதாக மலையாளத்தில் கூசாமல் சொல்லி அனுப்பிவிட்டாள். அது முதல் அவன் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

அந்த அறையில் கட்டில் போக மிச்சமிருந்த இடத்தில் அவன் நடந்தான். ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். மறுபடி நடந்தான். அவன் மனைவி கிருபாபாய் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கலவரத்தால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அவள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அலமாரி மேலிருந்த கிதாரை இறக்கித் தூசி தட்டினாள். போர்டிங்கில் அவளுக்குப் பாட்டுச் சொல்லித்தந்த மிஷன் அம்மா, ஊருக்குக் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனது அது.

"இருங்க. இதைப் படியுங்க."

"ஸ்டியரிங் பிடிக்கிய கையாக்கும் இது. இதுக்கு இதெல்லாம் வராது."

"வரும். சபையில டோ ரே மி பாடியிருக்குதியல்லா? அதில ஃபாவையும் டியையும் விட்டிருங்க. பாக்கி அஞ்சு. அதைக் கோத்துப் பாருங்க, எங்க தொட்டாலும் காதுக்கு உறுத்தாது."

அவன் மடியில் கிதாரை வைத்து விரலைப் பிடித்துக் காட்டினாள். ஒவ்வொரு கம்பியிலும் இரண்டே சத்தம். ஒன்று வெறும் கம்பி, ஒன்று விரல் வைத்து. தடித்த கம்பிக்கு அடுத்த மூன்று கம்பிக்கு இரண்டாம் கட்டம், மற்றதுக்கெல்லாம் மூன்றாம் கட்டம்.

"தடிச்ச கம்பியில மூணாம் கட்டம். அதாக்கும் டோ. அங்கயிருந்து ஏறிப் போங்க."

அவன் அழுத்தினான். கம்பி சத்தம் போடாமல் செத்தது. இன்னும் இறுக்கிப் பிடித்தான். கட்டம் பிரிக்கிற பித்தளைக்கு மேலேயே விரல் விழுந்து கரகரத்தது. கியர் தண்டை இழுக்கிற மாதிரி இழுக்காதீர்கள் என்று அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் மத்தியானம் வரைக்கும் விடவில்லை.

நாலைந்து நாளில் விரல்நுனி தடித்துவிட்டது. ஏறிப் போகையில் தடுமாறாமல் போனான். இறங்கும்போது இரண்டாவது கம்பியில் எப்போதும் கட்டம் மாறிவிடும். அங்கே அவன் ஓடுவான். கையை விட மனசு முந்திப் போய்விடும்.

"மெள்ள," என்றாள் கிருபாபாய்.

"மெள்ள, மெள்ள! அங்க ஆளுவ ரோட்டுல நிக்கியாவ. நான் இங்க பிள்ளை மாதிரி டோ ரே மி வாசிக்கியேன். என்னைப் போவவிடாம இருக்கத்தானே இதை எடுத்துத் தந்தே?"

"ஆமா," என்றாள் அவள். "அதுக்குத்தான்."

இவ்வளவு நேராகச் சொல்வாள் என்று அவன் நினைக்கவில்லை. கிதாரைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆகஸ்டு மாதம் ஒரு காலையில் பங்கஜாட்சி பின்வாசல் வழியே ஓடிவந்தாள். முந்தின நாள் மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச்சூடாம். செத்தவர்கள் உண்டு, எத்தனை பேர் என்று தெரியவில்லை. கிருபாபாயின் தம்பி தேவகுமார் அங்கே ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன்.

ராஜையா சட்டையை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கினாள்.

"ரோட்டில நிங்களைக் கண்டா அப்பமே கொண்டுபோவாவ. எனக்க தம்பியை ஆரு தேடியது பின்னே? நான் போறேன். டீச்சரை ஒண்ணும் செய்யமாட்டாவ."

வயல் வரப்பில் அவள் குடை கண்மறையும்வரை அவன் ஜன்னலில் நின்றான். பிறகு நடந்தான், உட்கார்ந்தான், எழுந்தான். கடைசியில் வேறு வழியில்லாமல் கிதாரை எடுத்தான். கை தானாக ஏறி இறங்கியது. காது முழுக்க ரோட்டில் இருந்தது.

வெயில் ஏறியபோது சாயாக்கடையில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"டீச்சர் ராவிலே போயதல்லே? பின்னே ஆரா வாயிக்குந்நே?" டீச்சர் இல்லாத வீட்டில் வாசிப்பது யார் என்று கேட்டது போலீஸ்காரனின் குரல்.

ராஜையாவின் கை நின்றது. பங்கஜாட்சி வேண்டுமென்றே உரக்கப் பேசினாள்.

"அது படிக்கான் வருந்ந குட்டியா சாரே. டீச்சர் வருந்நது வரெ வாயிக்கான் பறஞ்ஞிட்டா போயது."

பாட்டுப் படிக்க வரும் பிள்ளை வாசிப்பதாக அவள் தனக்காகத்தான் உரக்கச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. மறுபடி தொடங்கினான். நெஞ்சடிப்பு கிதாரின் முதுகில் முட்டியது. ஏறினான். இறங்கும்போது வழக்கம்போல இரண்டாவது கம்பியில் கட்டம் மாறிப்போனது. திரும்ப ஏறினான். வியர்வையில் விரல் வழுக்கியது. நிறுத்த முடியாது; நிறுத்தினால் எட்டிப் பார்ப்பான். அந்த ஐந்து சுரத்தைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது. அதையே வாசித்தான்.

"ஈ குட்டி படிச்சு தீரான் கொல்லம் குறெ எடுக்கும்," என்று சொல்லிப் போலீஸ்காரன் சிரித்தான். தேறுவதற்கு வருஷக்கணக்காகும் என்கிறான். சாயா ஆற்றும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துப் பூட்ஸ் சத்தம் குளத்தூர் பக்கமாக நகர்ந்துபோனது. அதற்குப் பின்னும் ராஜையா கையை எடுக்கவில்லை.

பொழுது சாயும்போது கிருபாபாய் திரும்பினாள். சேலை முழங்கால்வரை சேறு.

"உயிர் உண்டு," என்றாள் முதலில். பிறகுதான் உட்கார்ந்தாள். "தொடையெலும்பில குண்டு. மிஷன் ஆஸ்பத்திரியில கிடக்கியான். ஊர்வலத்துக்கே போவல்லெ அவன். அச்சாபீசைப் பூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாற வழியில பட்டிருக்கு, அவ்வளவுதான்."

ராஜையா கிதாரைக் கட்டிலில் வைத்தான்.

"கோஷம் போட்டவன் நான். குண்டு அவனுக்கா?"

அவன் எழுந்தான். அவளும் எழுந்தாள். இந்தத் தடவை சட்டையை அவள் பிடுங்கவில்லை.

"வெளுக்கட்டும். நானும் வாறேன்," என்றாள்.

விடிந்ததும் வயல் வழியாக நடந்துபோய்த் தேவகுமாரைப் பார்த்தார்கள். மயக்கத்தில் இருந்தவனின் காலடியில் ராஜையா அசையாமல் உட்கார்ந்திருந்தான். திரும்பி வரும் வழியில், களியக்காவிளையில் போலீஸார் அவனைப் பிடித்தார்கள்.

பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. கிருபாபாய் சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெயிலுக்கு பஸ் ஏறினாள். எந்தத் தாலுகாவைச் சேர்ப்பார்கள், எங்கே கோடு கிழிப்பார்கள் என்று பஸ் முழுக்க ஒரே பேச்சாக இருக்கும். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ராஜையா அதைப் பற்றியெல்லாம் கேட்கமாட்டான்.

"தேவகுமாருக்குக் கால்முட்டு மடங்குதா?" என்பான்.

"கொஞ்சம் மடங்குது," என்பாள் அவள்.